ஸ்கூட்டரிலிருந்து பெரிய வண்டிக்கு மாறலாமா? எலும்பு மருத்துவரின் பதில்

செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31, உயரம் 156 செ.மீ., எடை 54 கிலோ. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. சிங்கப்பெருமாள் கோயில் வழியாக ஒரு நடைக்கு 24 கிலோமீட்டர். ஒன்பது வருடமாக ஸ்கூட்டரில்தான் போய்வருகிறார். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பக்கத்தில் கன்டெய்னர் லாரி கடந்தால் வண்டி ஆடுகிறது, சாலையின் ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் வந்து இடிக்கிறது என்கிறார். போன வருடம் இடுப்பு வலிக்காக ஸ்கேன் எடுத்ததில் 'டிஸ்க் பல்ஜ்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது.

அதனால் ஒரு 350 சிசி வண்டி வாங்க நினைக்கிறார். கனமான வண்டி என்றால் ஆடாது, பாதுகாப்பு என்பது அவர் எண்ணம். தம்பி, "எடுக்கிறதுதான் எடுக்கிற, 390 எடுக்கா" என்கிறாராம். கணவர், "உனக்குக் கால் எட்டாது" என்கிறார். மாமியாருக்கு வேறு கவலை: "இன்னும் குழந்தை பிறக்கவில்லை, புல்லட் ஓட்டினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்." கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "லைசென்ஸ் பிரச்சினை இல்லை டாக்டர். ஸ்கூட்டரில் எட்டு போட்டு வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்தில் மதுராந்தகத்தில் அப்பாவின் ஸ்பிளெண்டரையும் ஓட்டிப் பழகியிருக்கிறேன்."

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆசை நியாயமானது. உங்கள் முதுகும் உயரமும் அதற்குத் தடையில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதில் பாதி எச்சரிக்கையாக இருக்கும். நானும் 20 வருடமாக கியர் வண்டி ஓட்டுகிறேன், என் உயரமும் 160-ஐத் தாண்டாது. அதே 20 வருடமாக வண்டியிலிருந்து விழுந்து வருகிறவர்களின் எலும்புகளையும் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

லைசென்ஸை எடுத்துப் பாருங்கள்

நீங்கள் பிரச்சினை இல்லை என்று சொன்ன இடத்தில்தான் பிரச்சினை இருக்கிறது. உங்கள் லைசென்ஸ் அட்டையில் வாகன வகை என்ற இடத்தைப் பாருங்கள். ஸ்கூட்டரில் எட்டு போட்டவர்களுக்குப் பெரும்பாலும் 'எம்.சி.டபிள்யூ.ஓ.ஜி.' என்று இருக்கும். கியர் இல்லாத வண்டி என்று அர்த்தம். கியர் வண்டி ஓட்ட 'எம்.சி.டபிள்யூ.ஜி.' வேண்டும். அது இருந்தால் 100 சிசியோ 650 சிசியோ எல்லாம் ஓட்டலாம். அது இல்லாவிட்டால் அப்பாவின் ஸ்பிளெண்டரைக்கூட ரோட்டில் எடுக்கக் கூடாது.

போலீஸ் அபராதத்துக்காக இதைச் சொல்லவில்லை. உரிய லைசென்ஸ் இல்லாமல் ஒருவரை இடித்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் உத்தரவிட முடியும். வண்டியோடு சேர்த்து எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருப்பவருக்குத்தான். என் வார்டில் காலில் கட்டோடு படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு இந்த விவரம், கிளெய்ம் ஃபாரத்தை நிரப்பும்போதுதான் தெரிந்தது.

சரிசெய்வது எளிது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில், இருக்கிற லைசென்ஸில் புதிய வகை சேர்க்க விண்ணப்பித்து எல்எல்ஆர் வாங்குங்கள். 30 நாள் கழித்து கியர் வண்டியில் எட்டு போட வேண்டும். அந்த 30 நாளை வீணாக்க வேண்டாம். அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன், அடுத்துச் சொல்கிறேன்.

உங்கள் இடது கை

350-ஆ 200-ஆ என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. ஸ்கூட்டரில் இடது கை பிரேக். ஒன்பது வருடமாக, ஒரு நாய் குறுக்கே வந்தாலும் ஆட்டோ திரும்பினாலும் உங்கள் இடது கை தானாக இறுகியிருக்கிறது. யோசித்துப் பிடிப்பதில்லை, கை தானே பிடிக்கிறது. கியர் வண்டியில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். பதற்றத்தில் அதைப் பிடித்தால் வண்டி நிற்காது. எஞ்சினின் பிடியும் விட்டுப்போய், வண்டி தன் போக்கில் உருண்டு முன்னால் போகும். ஸ்கூட்டரிலிருந்து மாறி முதல் சில வாரங்களில் விழுந்து வருகிறவர்களிடம், "என்ன நடந்தது?" என்று கேட்டால், "பிரேக் பிடிச்சேன் டாக்டர், நிக்கவே இல்லை" என்பார்கள். அவர்கள் பிடித்தது கிளட்ச்சை.

கல்லூரியில் ஓட்டிய பழக்கம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். நேற்று வரை செய்ததைத்தான் கை நினைவில் வைத்திருக்கும். அதனால் எல்எல்ஆர் வந்ததும், ஞாயிறு காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு காலி மைதானத்துக்குப் போங்கள். ஸ்பிளெண்டர் 112 கிலோதான், உங்கள் ஸ்கூட்டரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். 20 கிலோமீட்டர் வேகத்தில் போய், அப்பா கையைத் தூக்கியதும் நிறுத்த வேண்டும். வலது கையும் வலது காலும் பிரேக்குக்கு, இடது கை கடைசி நொடியில் கிளட்ச்சுக்கு. ஒரு நாளைக்கு முப்பது தடவை, நான்கைந்து ஞாயிறு. அலுப்பாக இருக்கும், செய்யுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்பிளெண்டர் உங்களைக் குழப்பும். அதில் நான்கு கியரும் முன்னால் மிதித்து விழுவது. இன்றைய 160, 200, 350 வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் மேலே தூக்க வேண்டும். வேகமாகப் போகும்போது அடுத்த கியர் என்று நினைத்து மிதித்தால், வண்டி கீழ் கியருக்கு இறங்கிப் பின் சக்கரம் இழுத்துப் பிடிக்கும். புதிய வண்டி வந்ததும் முதல் வாரம் இதற்கென்றே தெருவுக்குள் ஓட்டுங்கள். ஸ்கூட்டரை உடனே விற்றுவிட வேண்டாம். மூன்று மாதம் இருக்கட்டும்.

கனமான வண்டி பாதுகாப்பானதா?

உங்கள் இரண்டு புகாரும் உண்மை. லாரிக் காற்றில் ஸ்கூட்டர் ஆடுவதும் உண்மை, பள்ளம் இடுப்பில் இடிப்பதும் உண்மை. ஆனால் இரண்டிலும் பெரும் பங்கு சிறிய சக்கரத்துக்கு. பத்து, பன்னிரண்டு அங்குல சக்கரம் பள்ளத்துக்குள் விழுந்து எழும், 17 அங்குல சக்கரம் அதே பள்ளத்தைத் தாண்டிப் போகும். அந்தச் சக்கரம் 150 சிசி வண்டியிலும் இருக்கிறது. நீங்கள் தேடும் நிதானத்துக்கு 350 சிசியும் 195 கிலோவும் கட்டாயமில்லை.

எடை ஓடும்போது உதவும், நிற்கும்போது எதிராகத் திரும்பும். முதல் பெரிய வண்டி வாங்குகிறவர்கள் நெடுஞ்சாலையில் 80-இல் போகும்போது விழுவது குறைவு. பெட்ரோல் பங்க் வாசலில், யூ-டர்ன் போடும்போது, சரிவில் நிறுத்தும்போது, சாலையோர மணலில் காலை ஊன்றும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் வருடம், மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் ஜல்லி கொட்டியிருந்த இடத்தில் இடது காலை ஊன்றினேன். கால் வழுக்கி, வண்டி சாய ஆரம்பித்தது. ஒரு எல்லைக்கு மேல் சாய்ந்துவிட்டால் 180 கிலோவை எந்தக் கையும் நிறுத்தாது. பிடித்துத் தூக்கப் பார்த்ததில் கணுக்கால் திருகிக்கொண்டு மூன்று வாரம் கட்டோடு நடந்தேன். விட்டுவிட்டு விலகியிருந்தால் ஒரு கண்ணாடி மட்டும் உடைந்திருக்கும்.

டிஸ்க் பிரச்சினை உள்ள நீங்கள் இதை மறக்கவே கூடாது. சாய்கிற வண்டியைப் பிடிக்காதீர்கள். விழுந்த வண்டியைக் குனிந்து தூக்காதீர்கள், ஆள் கூப்பிடுங்கள். வண்டி வாங்கும்போதே லெக் கார்டு போட்டுவிடுங்கள். நின்ற இடத்தில் சாயும்போது கால் வண்டிக்கும் தரைக்கும் நடுவே நசுங்காமல் அது இடைவெளி கொடுக்கும்.

கால் எட்டுமா?

கணவர் சொல்வது பாதி சரி. ஆனால் உயரத்தை அளந்து பயனில்லை, காலின் உள்பக்க நீளத்தைத்தான் அளக்க வேண்டும். வேலைக்குப் போடும் ஷூவைப் போட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே வரை ஏற்றி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கவும். அந்த அளவையும் சீட் உயரத்தையும் ஒப்பிடுங்கள். சீட் உயரம் மட்டுமல்ல, அகலமும் முக்கியம். அகலமான சீட் தொடையை விரித்து, காலைக் குட்டையாக்கிவிடும்.

இரண்டு குதிகாலும் தரையில் பதிய வேண்டும் என்பதில்லை. இரண்டு பாதத்தின் முன்பகுதியும் உறுதியாகப் பதிந்தால் போதும், அல்லது சற்று நகர்ந்து உட்கார்ந்தால் ஒரு பாதம் முழுதாகப் பதிய வேண்டும். இரண்டு காலிலும் விரல் நுனி மட்டும்தான் தொடுகிறது என்றால் அந்த வண்டி வேண்டாம். சஸ்பென்ஷனை இறக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வேகத்தடையில் அடி தட்டும், பக்க ஸ்டாண்டில் வண்டி நேராக நின்று மறுபக்கம் சாயும். சீட்டின் ஃபோமைக் கொஞ்சம் குறைப்பது பரவாயில்லை, ஆனால் அதுவும் உங்கள் இடுப்புக்கு மெத்தைதான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் பல்ஜும் பைக்கும்

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். வலியே இல்லாத 30 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்து பார்த்தாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கும். அது ஒரு தோற்றம், தீர்ப்பு இல்லை. வலி காலுக்கு இறங்குகிறதா, முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகிறதா, பாதத்தில் பலம் குறைகிறதா, சிறுநீர் அடக்க முடியாமல் போகிறதா என்பதுதான் கேள்வி. இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டிப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றே போக வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால், உட்காரும் விதத்தைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. உயரம் குறைந்தவர்களுக்கு ஷோரூமில் முதலில் காட்டுவது குரூஸர் வகை வண்டிகளைத்தான். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-இன் சீட் 765 மி.மீ. தான். உட்கார்ந்ததும் கால் பதியும், மனது நிறையும். ஆனால் அதில் பாதம் முன்னால் நீட்டி இருக்கும். உடல் எடை முழுவதும் வால் எலும்பில் இறங்கும், பள்ளம் வந்தால் பாதத்தை ஊன்றி எழுந்துகொள்ள முடியாது. டிஸ்க் வலி உள்ளவருக்கு அந்த இருக்கை சரிவராது. பாதம் இடுப்புக்கு ஏறத்தாழ நேர்க்கீழே இருக்க வேண்டும், முதுகு லேசாக முன்னால் சாய வேண்டும். வேகத்தடையைப் பார்த்ததும் சீட்டிலிருந்து இரண்டு அங்குலம் எழுந்து, முட்டியை மடக்கி அதிர்ச்சியை வாங்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒன்றே உங்கள் இடுப்புக்கு மாத்திரையைவிட நன்மை செய்யும்.

என் தேர்வு

தம்பி சொல்லும் 390, அதாவது கேடிஎம் 390 டியூக், உங்களுக்கு வேண்டாம். 168 கிலோதான் என்றாலும் 46 குதிரைத்திறன். கிளட்ச்சே இன்னும் கைக்கு வராத நேரத்தில் த்ராட்டில் கொஞ்சம் கூடிவிட்டால் அது மன்னிக்காது. செலவும் ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. புது வண்டிக்குச் சேர்த்துக் கட்டும் ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் 2022 ஜூன் அட்டவணைப்படி 150 சிசிக்கு மேல் 350 வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117 ரூபாய்.

கிளாசிக் 350-உம் புல்லட்டும் 195 கிலோ, சீட் 805 மி.மீ. ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். நீங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டியவை என்று நான் நினைப்பது மூன்று.

டிவிஎஸ் ரோனின்: 225 சிசி, ஏறத்தாழ 160 கிலோ, சீட் 795 மி.மீ. உங்கள் 24 கிலோமீட்டருக்கு இந்த வேகமும் எடையும் போதும் என்பது என் கருத்து. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350: 181 கிலோ, 790 மி.மீ. 350-தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் இது. 2025-இல் இதன் பின்பக்க சஸ்பென்ஷனை மாற்றி, கிளட்ச்சையும் இலகுவாக்கினார்கள். அதற்கு முந்தைய வண்டி பள்ளத்தில் விறைப்பாக இடிக்கும். செகண்ட் ஹேண்டில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

யமஹா எஃப்இசட்: 149 சிசி, ஏறத்தாழ 136 கிலோ, 790 மி.மீ. முன்னால் சொன்ன இரண்டும் நிற்கும்போது பயமுறுத்தினால், வெட்கப்படாமல் இதை எடுங்கள்.

டெஸ்ட் ரைடு என்று ஷோரூம்காரர் தெருவைச் சுற்றிவர விடுவார். அது போதாது. வண்டியை அணைத்துவிட்டுக் கையால் தள்ளிப் பின்னால் எடுங்கள், சாய்வான இடத்தில் நிறுத்தி எடுங்கள், கிளட்ச்சை இருபது தடவை பிடித்து விடுங்கள். உங்கள் விரல் நீளத்துக்கு லிவர் எட்டுகிறதா, மணிக்கட்டு வலிக்கிறதா என்று அங்கேயே தெரியும். 125 சிசிக்கு மேல் எல்லாப் புது வண்டியிலும் ஏபிஎஸ் உண்டு, இரண்டு சக்கரத்துக்கும் உள்ள மாடல் இருந்தால் அதைக் கேளுங்கள். ஏபிஎஸ் இருந்தால் உடனே நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அது இருந்தாலும் மணலிலும் மழையிலும் நிற்க எடுக்கும் தூரம் கூடத்தான் செய்யும்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால், 45 கொடுக்கும் ஸ்கூட்டருக்கும் 35 கொடுக்கும் 350-க்கும் லிட்டர் 101 ரூபாய் கணக்கில் மாதம் ஏறத்தாழ 770 ரூபாய் வித்தியாசம் வரும். இஎம்ஐயோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என்ன சொல்ல?

உங்கள் மாமியாரின் பயத்தைக் கேலி செய்ய வேண்டாம். அவர் காலத்தில் யாரும் அவருக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். கர்ப்பப்பை இடுப்புக் குழிக்குள் தசைநார்களாலும் இடுப்புத்தளத் தசைகளாலும் தாங்கப்பட்டிருக்கிறது. அது இறங்குவதற்குப் பிரசவங்கள், வயது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், தொடர்ந்து அதிக எடை தூக்குவது இவைதான் முக்கியக் காரணங்கள். பைக் ஓட்டுவதால் கர்ப்பப்பை இறங்காது, கரு தரிப்பதும் தடைப்படாது. வேண்டுமானால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் அத்தையையும் அழைத்துப் போங்கள். மருமகள் சொல்வதைவிட டாக்டரம்மா சொல்வது எளிதில் மனதில் ஏறும்.

ஆனால் அவர் கவலையில் ஒரு உண்மை இருக்கிறது. கரு தரித்த பிறகு எனக்குப் பயம் குலுக்கலைவிட, விழுவதில்தான். வயிற்றில் படும் அடி ஆபத்தானது. மாதம் ஏற ஏற உடலின் சமநிலையும் மாறும். அதனால் கர்ப்பம் உறுதியானதும் அந்த லாரி சாலையில் பைக் வேண்டாம் என்றுதான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த வருடமே குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால், வண்டி சில மாதங்களில் நின்றுவிடலாம், இஎம்ஐ நிற்காது. இதைக் கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

கொண்டையும் துப்பட்டாவும்

ஸ்கூட்டரில் சக்கரம் பெரும்பாலும் மூடியிருந்தது, வெளியே தெரியும் செயினும் கிடையாது. இனி சக்கரமும் செயினும் திறந்திருக்கும். துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக் கழுத்து இறுகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியில் துப்பட்டா வேண்டாம், பைக்குள் வைத்துக்கொண்டு போய் அங்கே போட்டுக்கொள்ளுங்கள். கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்ப்பீர்கள். அதோடு, தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று அதைப் பக்கவாட்டில் திருப்புங்கள். கன்னத் தோல் கூடவே நகர்ந்தால் அளவு சரி, ஹெல்மெட் மட்டும் சுழன்றால் பெரிது. உச்சியில் கொண்டை போட்டு அதன்மேல் மாட்டினால் எந்த நல்ல ஹெல்மெட்டும் தலையில் உட்காராது, விழும்போது கழன்றுவிடும். கழுத்தோரம் தாழ்வாகப் பின்னிவிடுங்கள்.

இந்த வாரம் எல்எல்ஆருக்கு விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்ததும் மதுராந்தகத்துக்கு ஒரு போன் போட்டு, அப்பாவிடம் ஸ்பிளெண்டரைக் கேளுங்கள். ரொம்ப நாளாக நின்றிருந்தால் டயரில் காற்றையும் பிரேக்கையும் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைக்கச் சொல்லுங்கள். எல் போர்டு ஒட்ட மறக்க வேண்டாம்.